தாத்தாவின் தோளில் இருந்த துப்பாக்கி

பட்டர்வொர்த்தில் என் அக்கா வீட்டு முன்கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. காக்கி உடை, தலையில் தொப்பி, பக்கத்தில் ஊன்றிப் பிடித்த துப்பாக்கி. அவர்தான் எங்கள் தாத்தா. அவசரகாலத்தில் தோட்டத்துக்குக் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் ஒருவர். "லயத்தில் நாங்கள் தூங்குவோம், முள்வேலி ஓரம் அவர் விழித்திருப்பார்" என்று பாட்டி அடிக்கடி சொல்வார்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். அக்கா மகனுக்கு வயது பதினேழு. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தான். துருவேறிய ஓர் இரும்புத் தண்டு. ஒரு பக்கம் குமிழ்போல் ஒரு கைப்பிடி.

"மாமா, செம்பனை மறுநடவுக்கு வாய்க்கால் தோண்டிய இடத்தில் கிடைத்தது. இது தாத்தா துப்பாக்கியின் போல்ட் மாதிரியே இருக்கிறது. மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால் முழுத் துப்பாக்கி ஆகிவிடும். படத்துக்குக் கீழே மாட்டலாம்!"

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீதானே வாத்தியார். சொல்லு, செய்யலாமா?"

வாசக அன்பர்களே, அன்று அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது '303' என்று நம் பெரியவர்கள் சொல்லும் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி. 303 என்பது குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. பிரிட்டிஷ் படை 1895-இல் லீ-என்ஃபீல்டை ஏற்றுக்கொண்டது. 1907-இல் வந்த 'மார்க் 3' வகைதான் இரண்டு உலகப் போர்களிலும் பெயர் பெற்றது. பத்துத் தோட்டா கொள்ளும். எடை ஏறக்குறைய 4 கிலோ. இங்கிலாந்தில் மட்டுமல்ல, கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரிலும், ஆஸ்திரேலியாவில் லித்கோவிலும் இதைச் செய்தார்கள். 1941 டிசம்பரில் ஜித்ராவில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற இந்தியச் சிப்பாய்களின் கையில் இருந்ததும் 303-தான்.

இத்தகைய பழைய துப்பாக்கியைச் சீர்செய்வது பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் உரிமம் பெற்றவர்களும் அரும்பொருளகங்களும் செய்கிற வேலை. அதில் முதல் விதி, அந்தந்தக் காலத்துக்கும் அந்தந்தத் தொழிற்சாலைக்கும் உரிய பாகத்தையே சேர்க்க வேண்டும் என்பது. லித்கோவில் செய்த துப்பாக்கியின் கட்டை, ஆஸ்திரேலியாவின் 'கோச்வுட்' மரமாக இருக்கலாம். அதற்கு இங்கிலாந்தின் வால்நட் கட்டையைப் பொருத்தினால், பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் வரலாறு பொய்யாகிவிடும். இஷாப்பூர்த் துப்பாக்கிகள் பலவற்றில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி இருக்கும். கட்டை பிளக்காமல் இருக்க இந்தியாவில் சேர்த்த ஏற்பாடு அது. விவரம் தெரியாதவர் அதைப் 'பின்னால் போட்ட ஒட்டு' என்று நினைத்து எடுத்துவிடுவார். தெரிந்தவருக்கோ அதுதான் பிறந்த ஊரின் அடையாளம்!

இரண்டாவது விதி, பொறுமை. பின்கட்டைக்குள் ஒரு நீண்ட போல்ட் ஓடுகிறது. மார்க் 3 வகையில் அதன் முனை சதுரமாக முன்கட்டைக்குள் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முன்கட்டையை முதலில் கழற்ற வேண்டும். அவசரப்பட்டுப் பின்கட்டையை முதலில் திருகினால், நூறாண்டு மரம் ஒரு நொடியில் பிளந்துபோகும். மரத்தை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் முத்திரைகளும் பழைய காயங்களும் மறைந்துவிடும். அழுக்கை மெல்லத் துடைத்து, ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி ஊறவிடுவார்கள்.

மூன்றாவது விதி, எண். குழல், உடல், போல்ட் கைப்பிடி என முக்கிய பாகங்களில் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள். இது வெறும் அலங்காரம் அல்ல. ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடலுக்கென்றே பொருத்திச் சரிபார்த்தார்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டைப் போட்டால், தோட்டாவின் பின்புறம் சரியாகத் தாங்காமல் இடைவெளி விழும். சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிச் சீறலாம். அதனால்தான் தெரிந்த கைவினைஞர் அளவுகோல் வைத்துப் பார்க்காமல் போல்ட்டை மாற்றமாட்டார். அக்கா மகன் கையில் இருந்ததோ அந்தப் போல்ட்தான்!

இவ்வளவும் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் சரியான பாகங்களையே தேடி வாங்குகிறேன், மாமா" என்றான். இனித்தான் கசப்பான செய்தி.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். துப்பாக்கியின் பாகமும் ஆயுதமாகவே கருதப்படும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை: சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம். 'பழையது, துருப்பிடித்தது, தாத்தா நினைவு' என்று சொல்லித் தப்ப முடியாது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு துண்டு இரும்புக்காகப் பையனின் படிப்பும் வாழ்வும் போக வேண்டுமா?

அன்று மாலையே காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். "அங்கேயே விட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், தம்பி" என்று பையனை மெல்லக் கடிந்துகொண்டார்கள். நியாயந்தானே! மண்ணில் தோட்டாவோ குண்டோ தென்பட்டால், தொடாமல், தட்டாமல், பிள்ளைகளை விலக்கிவிட்டுக் காவல் துறையைக் கூப்பிடுங்கள். பல ஆண்டு மண்ணில் கிடந்தாலும் வெடிமருந்து வெடிமருந்துதான்.

பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனை அந்தப் படத்தின் முன்னால் உட்கார வைத்தேன். "குழலின் வாயைப் பார்" என்றேன். குழல், முன்மூடியோடு சமமாக மொட்டையாக முடிந்தால் அது மார்க் 3. குழல் சிறிது வெளியே நீண்டிருந்தால், இரண்டாம் உலகப் போரில் பெருமளவில் செய்த 'நம்பர் 4'. வாயில் புனல்போல் ஒரு கூம்பு இருந்தால், 1944 முதல் வந்த குட்டையான 'நம்பர் 5'. காட்டுப் போருக்கென்றே எடை குறைத்துச் செய்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தவன், "மொட்டை, மாமா! மார்க் 3!" என்று கத்தினான்.

அதன்பின் கேள்விகள் தாமாக வந்தன. தாத்தா எப்போது சேர்ந்தார்? 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31-இல்தான் அது முடிந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டில் அவர் எத்தனை ஆண்டு வேலியில் நின்றார்? எந்தத் தோட்டம்? என்ன சம்பளம்? படத்தின் பின்புறம் ஓர் எழுத்துகூட இல்லை. பாட்டியும் போய்விட்டார். பெரியப்பா ஒருவருக்குத்தான் இப்போது கொஞ்சம் தெரியும். அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இப்போது பையன் வாரந்தோறும் அவரிடம் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறான். பெரியப்பா உறுதியாகச் சொல்வதை மையால் எழுதுகிறான், சந்தேகமானதைப் பென்சிலால்.

முழுத் துப்பாக்கியைக் காண ஆசைப்படுபவர்கள் கோலாலம்பூர் போலீஸ் அரும்பொருளகத்துக்கோ, போர்ட்டிக்சன் இராணுவ அரும்பொருளகத்துக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகலாம். வரும் பள்ளி விடுமுறையில் நாங்களும் போகிறோம்.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். காவல் நின்றவரோ, நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவில் சேர்ந்த பாட்டியோ இருக்கலாம். இன்றிரவே அதை எடுங்கள். பெயர், தோட்டம், ஆண்டு ஆகிய மூன்றையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். நாங்கள் பாட்டியிடம் கேட்காமல் விட்டோம்.