தொகுப்பான் வழுக்களும் பதிப்புப் பதிவும்

மனிதர் எழுதும் செய்நிரலைக் கணனி இயக்கத்தக்க பொறிமொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளே தொகுப்பான் எனப்படும். வானிலைக் கணிப்பு, வங்கிக் கணக்கு, மருத்துவக் கருவி, ஆய்வுகூடப் புள்ளிவிபரம் முதலியவற்றுக்கான செய்நிரல்களுட் பெரும்பாலானவை ஏதோவொரு கட்டத்தில் தொகுப்பானொன்றைக் கடந்தே வருகின்றன. செய்நிரலை எழுதியவர் தவறிழைப்பின் அத்தவற்றை அவரது எழுத்திலே தேடிக் காணலாம். தொகுப்பானே தவறிழைப்பின் நிலைமை வேறு. எழுத்திற் பிழையிராது, எச்சரிக்கையும் தோன்றாது, விடை மாத்திரம் பிழைத்திருக்கும்.

இத்தகைய வழுக்கள் அருமையானவை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. எழுந்தமானமாகச் செய்நிரல்களை ஆக்கும் சிஸ்மித் என்னுங் கருவியைக்கொண்டு, மூன்றாண்டு காலத்தில் 325இற்கு மேற்பட்ட புதிய வழுக்களைப் பல்வேறு சி மொழித் தொகுப்பான்களில் அவர்கள் கண்டறிந்தனர். அவர்கள் சோதித்த தொகுப்பான்களுள் ஒன்றேனும் தப்பவில்லை. எனவே, வழு உண்டா என்பதினும் அது எப்பதிப்புகளில் உண்டு என்பதே பயன்படுத்துவோருக்கு முதன்மையான வினாவாகின்றது.

1987இல் றிச்சாட் ஸ்டோல்மன் வெளியிட்ட ஜி.சி.சி. தொகுப்பானின் பொதுப் பதிவேடு இவ்வினாவை எதிர்கொள்ளும் முறை நோக்குதற்குரியது. அங்கு ஒவ்வொரு வழுவுக்கும், அது முறையிடப்பட்ட பதிப்பின் எண்ணோடு, ‘இயங்குவதாக அறியப்பட்டவை’, ‘தவறுவதாக அறியப்பட்டவை’ என இரு தனி நிரல்கள் உள்ளன. முந்திய பதிப்பிற் சரியாக இயங்கியது பிந்தியதிற் கெட்டிருப்பின், அது ‘பின்னடைவு’ எனக் குறிக்கப்பட்டு, பாதிக்கப்பட்ட பதிப்பு வரிசைகளின் எண்கள் தலைப்பிலேயே இடப்படுகின்றன.

‘குறித்தவொரு பதிப்புக்கு முந்தியவை யாவும் பழுது, பிந்தியவை யாவும் நலம்’ என்று ஒரே வரியில் எழுதினாற் போதாதா என ஒருவர் வினவலாம். போதாது என்பதற்கு 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தக்க சான்றாகும். சி மொழியின் இடையே அசெம்பிளி மொழிக் கட்டளைகளை இட்டு, அவற்றிலிருந்து பெறுபேற்றைக் கொள்ளவும் பிறிதோரிடத்துக்குத் தாவவும் உதவும் வசதி 2021இல் ஜி.சி.சி. 11ஆம் பதிப்புடன் வந்தது. சில சந்தர்ப்பங்களில் அப்பெறுபேறு கைவிடப்படுகின்றது என்பது 2024 பெப்ரவரியில் லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருப்பகுதியைத் தொகுத்தபோது தெரியவந்தது. காரணம் தெளிவாகாமையால், லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் ஜி.சி.சி.யின் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவானதொரு மாற்றுவழியைப் புகுத்தினார். சில நாட்களிற் காரணம் கண்டறியப்பட்டது. திருத்தம் புதிய 14ஆம் வரிசையோடு, பேணப்பட்டுவந்த பழைய வரிசைகளிலும் சேர்க்கப்பட்டது. அதன்பின் மாற்றுவழி பாதிக்கப்பட்ட பதிப்புகளுக்கு மாத்திரம் வரையறுக்கப்பட்டது.

அவ்வரையறை வருமாறு: 11.5, 12.4, 13.3, 14.1 ஆகியவற்றில் வழு திருத்தப்பட்டுள்ளது. ஆயின், 12.3 என்பது 11.5இலும் பெரிய எண். எனினும் அது பழுதுடையது. 13.2 என்பது 12.4இலும் பெரிது, அதுவும் பழுதுடையது. பதிப்பெண்கள் ஒரே நேர்கோட்டிற் செல்வனவல்ல. கிளைவிட்ட மரம் போல்வன. ஒவ்வொரு கிளைக்கும் திருத்தம் தனித்தனியே சென்று சேரவேண்டும். எனவே பதிவும் கிளைதோறும் எழுதப்படவேண்டும்.

இவ்விடத்து மூன்று எச்சரிக்கைகள் வேண்டப்படுகின்றன. முதலாவது, ‘சோதிக்கப்படவில்லை’ என்பதும் ‘பாதிக்கப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. நிரலில் ஒரு பதிப்பின் எண் இல்லாமை அப்பதிப்பின் நலத்துக்குச் சான்றாகாது. இரண்டாவது, புதிய பதிப்பில் வழு தோன்றாமை அது திருத்தப்பட்டதன் விளைவாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. வேறொரு மாற்றத்தால் அது மறைந்துகிடந்து பின்னர் மீளவும் தலைகாட்டலாம். காரணத்தை அறிந்த பின்னரே ‘திருத்தப்பட்டது’ என எழுதல் தகும். மூன்றாவது, விநியோகிப்போர் சிலர் பதிப்பெண்ணை மாற்றாமலே திருத்தங்களைச் சேர்த்துவிடுகின்றனர். ஆதலின் வெறும் எண் போதாது. தொகுப்பான் தன்னைப்பற்றித் தானே வெளியிடும் முழு விபரம், பொறியின் வகை, கொடுக்கப்பட்ட கட்டளை, உகப்பாக்க நிலை, வழுவைக் காட்டும் மிகச் சிறிய செய்நிரல் ஆகியனவும் உடன் வைக்கப்படல் வேண்டும்.

இவ்வாறு செய்த பதிவின் பயன் பெரிது. நல்ல பதிப்பொன்றும் பழுதான பதிப்பொன்றும் தெரிந்துவிட்டால், இடைப்பட்ட மாற்றங்களை நடுவிற் பிளந்து சோதித்துச் செல்லலாம். 1,024 மாற்றங்கள் இருப்பினும் பத்துச் சோதனைகளிற் குற்றமுடைய மாற்றம் அகப்படும். ‘பழைய பதிப்பில் நன்றாக இயங்கியது’ என்று மாத்திரம் எழுதப்பட்ட முறைப்பாடோ இத்தேடலுக்கு ஓர் எல்லையையும் தருவதில்லை.

இது தொழில்நுட்பவியலாளரின் உள்விவகாரம் மாத்திரமன்று. புதிய பதிப்பை உடனுக்குடன் பெறும் வசதி எல்லார்க்கும் இல்லை. பழைய கணனிகளையும் பழைய முறைமைகளையும் கொண்டு இயங்கும் ஆய்வுகூடங்களும் கல்விக்கூடங்களும் பல. ‘புதியதை நிறுவுக’ என்னும் அறிவுரை அவர்களுக்கு உதவாது. ‘நும்மிடமுள்ள பதிப்பிற் பழுது உண்டு, அல்லது இல்லை’ என்னும் உறுதியே உதவும். தாம் கணித்து வெளியிட்ட பெறுபேற்றை மீளச் சோதிக்க வேண்டுமா என்பதையும் அவர்கள் அப்பதிவைக் கொண்டே தீர்மானிக்க இயலும். அவ்வுறுதியை வழங்குவது பலரும் தத்தம் பதிப்பிற் சோதித்துப் பொதுவில் எழுதிவைத்த பதிவேயாகும். ஆய்வுக் கட்டுரைகளிற் பயன்படுத்திய தொகுப்பானின் பதிப்பையும் கட்டளைகளையும் குறிப்பிடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றுதல் வேண்டும். கருவியின் பதிப்பறியாத பெறுபேற்றைப் பிறர் மீளச் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ வழியில்லை.