நட்சத்திர ஆமைக்கு ஒரு பட்டி

சித்தூரிலிருந்து மேற்கே பலமனேரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது பங்காருபாளையம். 'பங்காரு' என்னும் தெலுங்குச் சொல்லுக்குப் பொன் என்பது பொருள். ஊரைச் சுற்றிலும் மாந்தோப்புக்கள். கோடையில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். தோப்புக்களைத் தாண்டினால் கருங்கற்பாறைகளும் முட்புதர்களும் மண்டிய வறண்ட குன்றுகள். சித்தூர் மாவட்டத்தின் இத்தகைய புதர்க்காடுகளே நட்சத்திர ஆமையின் பிறந்தகங்களுள் ஒன்றாகும்.

இது பெரிய பிராணியன்று. நம் பகுதியில் முழு வளர்ச்சி பெற்ற பெண் ஆமையின் ஓடு ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். ஆண் அதனினும் சிறியது. கரிய ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் நிறக் கதிர்கள் விரிவதால் இப்பெயர் பெற்றது. கையில் எடுத்துப் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும் இக்கோலம், காய்ந்த புல்லின் நிழலில் கிடக்கும்போது ஆமையை நம் கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்துவிடுகிறது. இந்தியாவின் வடமேற்கிலும் அதையொட்டிய பாகிஸ்தான் பகுதியிலும், தென்கிழக்கு இந்தியாவிலும், இலங்கையிலுமாக மூன்று பகுதிகளில் இவ்வினம் வாழ்கிறது.

அழகே இதற்குப் பகையாயிற்று. ஒரே ஒரு வாணிப மையத்தைச் சார்ந்த இந்தியப் பகுதியிலிருந்து மட்டும் ஆண்டொன்றுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து திருடப்படுவதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தால் இவ்வாமை முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். சர்வதேச வாணிபத்திற்கும் 2019ஆம் ஆண்டு ஜினீவா மாநாட்டில் முழுத் தடை விதிக்கப்பட்டது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் முன்னோர் பழமொழி கூறிவந்தனர். இன்றோ ஆமை வீட்டிலிருந்தால் செல்வம் பெருகும் என்று கூறி விற்கிறார்கள். இரண்டிற்கும் ஆதாரமில்லை. ஆனால் பழைய மூடநம்பிக்கையால் ஆமைக்குத் தீங்கு நேரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே, இக்கட்டுரையில் விவரிக்கப்படும் பட்டி வீட்டுத் தோட்டத்தில் ஆமை வளர்ப்பதற்கானதன்று. திருடர்களிடமிருந்து மீட்கப்பட்ட ஆமைகளை வனத்துறையினர் காட்டுக்குத் திருப்பியனுப்புமுன் தங்க வைப்பதற்கானது. 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் பெங்களூருக்குத் திருப்பியனுப்பப்பட்டன. கேரளத்தின் சின்னாறு சரணாலயத்திலும் கடத்தலிலிருந்து மீட்ட ஆமைகளைப் பேணிக் காட்டில் விடும் பணி நடந்துள்ளது. இவ்வாறு வந்து சேரும் ஆமையை எங்கே, எப்படி வைப்பது என்பதே கேள்வி.

நீரில் விடலாகாது

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். ஆங்கிலத்தில் 'டார்ட்டாய்ஸ்', 'டர்ட்டில்' என்று இரு சொற்கள் உள்ளன. நமக்கோ நிலத்தில் நடப்பதும் நீரில் நீந்துவதும் ஆமைதான். 'நில ஆமை' என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது அலுப்புத் தரும் என்று எண்ணி, அடைமொழியை விட்டுவிட்ட நாட்களும் உண்டு. அது தவறு. சட்டத்திற்கு அஞ்சி, கையிலிருந்த நட்சத்திர ஆமையை இரவோடிரவாகக் கோயில் குளத்தில் விட்டு, புண்ணியம் செய்ததாக நினைப்பவருக்கு இச்சொற்குழப்பமே வழி காட்டுகிறது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. படித்துறையில் ஏற இயலாமல் மூழ்கிவிடும்.

ஆமை வளர்ப்புப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார், தம் தோட்டத்து ஆமையாகிய திமோதி குளிர்காலம் நெருங்கியதும் மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்வதை ஆண்டுதோறும் குறித்து வைத்தார். அந்நாட்டில் பட்டி கட்டுபவரின் கவலையெல்லாம் உஷ்ணத்தை எவ்வாறு தேடித் தருவது என்பதே. அதனால்தான் கண்ணாடிக் கூடு, மின்விளக்கு முதலியவை. மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் சித்தூரில் நிலைமை நேர்மாறானது. ஆமை ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. தன் உடல் உஷ்ணத்தை வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்ந்தே சரிசெய்துகொள்கிறது. நிழலற்ற பட்டியில் நண்பகலில் அடைபட்ட ஆமை சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். எனவே முதலில் நிழலைத் தேர்ந்து, பிறகு வேலியை இடுவதே முறை.

பட்டி அமைக்கும் விதம்

மேட்டுப்பாங்கான, மழைநீர் தேங்காத இடம் வேண்டும். நாலைந்து ஆமைகளுக்குப் பத்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் இருப்பின் நலம். அங்கே முன்பே வளர்ந்து நிற்கும் புதர்களை வெட்டலாகாது. தரையைச் சமன்செய்து சிமெண்டு பூசுவது பலர் செய்யும் தவறாகும். சிமெண்டுத் தளம் பகலில் கொதிக்கும். பாதங்களையும் ஓட்டின் அடிப்புறத்தையும் தேய்த்துப் புண்ணாக்கும். வேறொரு காரணமும் உண்டு. ஹங்கேரி நாட்டுக் கணித அறிஞர் டொமொகோஷும் அவருடைய துணைவர் வார்கொன்யியும் 2008இல் ஆமை ஓடுகளின் வடிவத்தை ஆராய்ந்து, உயர்ந்து குவிந்த ஓடு கவிழ்ந்தால் பெரும்பாலும் தானே உருண்டு நிமிர்ந்துகொள்ள வல்லது என்று காட்டினர். நட்சத்திர ஆமையின் ஓடு இவ்வகையைச் சேர்ந்ததே. எனினும் இறுதி உந்தலுக்குத் தலையும் காலும் எதையேனும் பற்ற வேண்டும். மண்ணும் புல்லும் கல்லும் அதற்குதவும். வழவழப்பான தளம் உதவாது.

வேலியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கம்பிவலை மலிவானது; ஆனால் ஆமை வலைக்கு அப்பாலுள்ள புல்லைக் கண்டு, வழி இருப்பதாக எண்ணி, நாள் முழுதும் மூக்கை அதில் உராய்ந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குச் செல்ல அது அவ்வளவு முயல்வதில்லை. ஆகவே மறைப்புச் சுவரே சிறந்தது. சித்தூர்ப் பகுதியில் இதற்கு அலைய வேண்டியதில்லை. கல்லுடைக்கும் இடங்களில் கழித்துப் போட்ட கருங்கற்பலகைகளை நிறுத்தி, 30 சென்டிமீட்டர் மண்ணுள்ளும் 45 சென்டிமீட்டர் மண்ணுக்கு மேலும் இருக்குமாறு நட்டால் போதும். மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைவாக்க வேண்டும். ஏனெனில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியே ஆமைகள் தப்பிச் செல்கின்றன. குட்டிகள் இருக்குமாயின் மேலே வலை அவசியம். காக்கையும் கீரியும் உடும்பும் அவற்றை விட்டுவைப்பதில்லை.

தண்ணீருக்கு அகன்ற ஆழமற்ற மண்தட்டு ஒன்றை, அதன் விளிம்பு தரைமட்டத்தில் இருக்குமாறு புதைக்க வேண்டும். ஆமை அதில் நிற்கும்போது நீர் அதன் மோவாயை எட்டலாகாது. குடிக்கும் நீரிலேயே அது கழிவையும் விடுமாதலால் நாள்தோறும் நீரை மாற்றுவது இன்றியமையாதது.

அருகம்புல், மூக்கிரட்டைக் கீரை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், உதிர்ந்த பூக்கள் ஆகியவை உணவாகும். சோறு, பால், ரொட்டி முதலியன அன்பினால் கொடுக்கப்படும் நஞ்சு. அரளிச் செடி பட்டியின் அருகிலும் இருக்கலாகாது. வீடுகளிலிருந்து மீட்கப்படும் ஆமைகள் பலவற்றின் ஓட்டில் மேடுகள் இயல்புக்கு மீறிக் கூம்பிக் காணப்படும். இதற்குப் புரதம் மிகுந்த உணவே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இதன் உறவினமான ஆப்பிரிக்க ஆமையின் குட்டிகளை வைத்து ஆஸ்திரிய விஞ்ஞானிகள் 2003இல் வெளியிட்ட சோதனையோ, காற்றின் ஈரப்பதம் குறைவதே முக்கியக் காரணம் என்று காட்டியது. ஆகையால் புதரடியில் சருகைக் குவித்து, ஒரு பகுதியை மட்டும் மாலையில் நனைத்து வைப்பது நன்று. முழுப் பட்டியையும் நனைத்தால் சளி நோய் வரும்.

புதிதாக வந்த ஆமையை மற்றவற்றோடு உடனே சேர்க்கலாகாது. கடத்தல்காரர்களின் சாக்குகளில் பல ஊர் ஆமைகள் ஒன்றாகக் கிடந்திருக்கும்; அவற்றோடு நோய்களும் வந்திருக்கும். எந்த ஊர் ஆமை என்பதை அறிவதும் எளிதன்று. சிங்கப்பூரிலிருந்து முன்னர் மீட்டுவரப்பட்ட ஆமைகளின் பூர்வீகத்தைக் கண்டறிய, ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். குஜராத்தின் ஆமையை ஆந்திரத்துப் புதரில் விடுவது இரண்டு வம்சங்களையும் கலப்பதாகும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, காட்டோரம் இறக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அமெரிக்காவில் கோஃபர் ஆமைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வெளியாயிற்று. புதிய இடத்தில் நேரே விடப்பட்ட ஆமைகள் திக்குத் தெரியாமல் நெடுந்தூரம் அலைந்தன. அதே இடத்தில் ஓராண்டு வேலிக்குள் வைக்கப்பட்ட பின் விடப்பட்டவையோ பெரும்பாலும் அங்கேயே தங்கின. பங்காருபாளையத்தில் அலையும் ஆமையின் எதிரே இருப்பது நெடுஞ்சாலை. பர்மாவின் நட்சத்திர ஆமை காட்டில் ஏறத்தாழ அற்றுப்போன நிலையில், 2004இல் சுமார் 175 ஆமைகளுடன் மூன்று சரணாலயங்களில் பட்டிகள் தொடங்கப்பட்டன. பின்னர் அவற்றின் எண்ணிக்கை 14,000க்கும் மேற்பட்டது. அங்கும் காட்டுக்குள்ளேயே வேலியிட்டுப் பழக்கிய பிறகே வெளியில் விட்டனர்.

நம் இடையர்கள் வயலில் ஆட்டுக்கிடை அமைக்கும் முறையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கிடை எங்கும் நிலையாக நிற்பதில்லை. வேலை முடிந்ததும் படல்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆமைப் பட்டியின் கற்பலகைகளையும் அவ்வாறே, சுண்ணாம்போ சிமெண்டோ இட்டுப் பூசாமல், பிடுங்கி எடுக்கத்தக்கதாக நட வேண்டும்.

வயலிலோ சாலையிலோ ஆமையைக் காண்பவர் அதை எடுத்துவர வேண்டியதில்லை. அது செல்லும் திசையிலேயே சாலையைக் கடத்தி விட்டுவிட வேண்டும். வீட்டில் இருப்பதை அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பட்டியைத் திறப்பதற்கு உகந்த காலம், நல்ல மழை பெய்து புல் துளிர்த்த பிறகு. கோடையில் ஆமை புதரடியில் அசையாமல் கிடக்கும். மழைக்காலத்தில்தான் அது இரை தேடி நன்றாக நடமாடும். காட்டை நோக்கிய பக்கத்துக் கற்களை மட்டும் முதலில் அகற்ற வேண்டும். ஏனைய மூன்று பக்கங்களும், தண்ணீர்த் தட்டும், இன்னும் சில வாரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வெளியே சென்ற ஆமைகளுள் ஒன்றிரண்டு இரவில் பழகிய புதருக்கே திரும்பக்கூடும்.