உங்களுக்குத் தெரியுமா? பயிருக்குக் காவல் பூச்சிகளே!

நெல்லில் புகையான் பூச்சி பெருகப் பூச்சிமருந்தே காரணமாகிவிடும்! பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் செய்து 1980இல் முடித்த ஆய்வு இதைக் காட்டியது. மருந்து அடித்ததும் சிலந்திகள் செத்தன. இலையுறைக்குள் இருந்த புகையான் முட்டைகளோ தப்பின. பொரித்து வந்த குஞ்சுகளைப் பிடித்துத் தின்ன வயலில் யாருமில்லை. இந்த ஆராய்ச்சியை நம்பி, 1986இல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். மருந்துக்குத் தந்துவந்த மானியமும் 1989க்குள் நின்றது. ஒரு நாட்டின் அரசு சிலந்தியின் பக்கம் நின்ற அருமையான முடிவு இது.

சரி, புகையான் வருவதற்கு முன் அந்தச் சிலந்திகளுக்கு என்ன சாப்பாடு? வயலில் மட்கும் தழையையும் எருவையும் உண்டு வளரும் சின்னஞ்சிறு பூச்சிகள்தான். 1990களில் ஜாவாவில் நடந்த ஆய்வு இதை உறுதி செய்தது. நட்ட கையோடு மருந்து தெளித்தால் காவலாளிகளும் போவார்கள், அவர்களுடைய சோறும் போகும்.

பூச்சிகள் மட்டுமல்ல, செடிகளும் காவல் நிற்கும். கென்யாவில் மக்காச்சோளத் தண்டுத்துளைப்பானைச் செடிகளின் வாசனையாலேயே விரட்டுகிறார்கள். சால்களுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற செடியைப் போடுகிறார்கள். அதன் வாசம் தாய் அந்துப்பூச்சிக்கு ஆகாது. வயலைச் சுற்றி நேப்பியர் புல். அதன் வாசம் இழுக்கும். அந்தப் புல்லில் இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. டெஸ்மோடியத்தின் வேர் சுடுமல்லிக் களையை அடக்கும், மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். டெஸ்மோடியம், நேப்பியர் இரண்டுமே மாட்டுக்குத் தீவனம்.

1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை மாவுப்பூச்சி சூறையாடியது. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கே பராகுவேயில் அதன் எதிரியான ஒரு குட்டிக் குளவி 1981இல் கிடைத்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி அது. அதை ஆப்பிரிக்கா முழுதும் பரப்பும் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெர்ரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தலைகாட்டி, சேலம், நாமக்கல் வரை பரவியது. அதே குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. மரவள்ளி விவசாயிகளே, குளவி விட்ட தோட்டத்தில் தயவுசெய்து பூச்சிமருந்து அடிக்காதீர்கள்!