இடப்பக்கம் இழுக்கும் அம்பாசடர்

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் 'புஸ்-புஸ்' வண்டி ஒன்று நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து வண்டி. உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் துரையின் கையில் முன்சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடி இருக்கும். பின்னாலிருந்து தள்ளுவது வேலையாள். பிரெஞ்சில் 'புஸ்' என்றால் தள்ளு. திசை துரையின் பொறுப்பு, ஓட்டமும் நிறுத்தமும் தள்ளுகிறவர் பொறுப்பு. ஸ்டியரிங்குக்கு ஓர் ஆள், பிரேக்குக்கு ஓர் ஆள்.

மோட்டார் காரில் அந்தப் பாகப்பிரிவினை கிடையாது. இரண்டு வேலையும் முன்சக்கரத்தில் வந்து சேருகின்றன. சக்கரம் எந்த முளையைச் சுற்றித் திரும்புகிறதோ, அதே முளைதான் பிரேக்கின் விசையையும் தாங்க வேண்டும். 'ஸ்டியரிங்ல ஆட்டம், பிரேக் போட்டா ஒரு பக்கம் இழுக்குது' என்று பழைய வண்டிக்காரர்கள் இரண்டு புகாரை ஒரே மூச்சில் சொல்வது அதனால்தான்.

என் சித்தப்பாவின் அம்பாசடருக்கும் அதே நோய். காமராஜர் சாலை சிக்னலில் பிரேக்கை மிதித்தால், இடப்பக்கம் நிற்கும் ஸ்கூட்டரை மோப்பம் பிடிக்கக் கிளம்பிவிடும். முதலில் போன பட்டறையில் வீல் அலைன்மென்ட் பார்த்து, இடப்பக்க பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி அனுப்பினார்கள். இழுப்பு குறைந்தது, கூடவே பிரேக்கும் குறைந்தது. அடுத்துப் பார்த்த வயதான மெக்கானிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இடது பக்கம் இழுக்குதா? அப்ப வலது சக்கரத்தக் கழட்டுங்க தம்பி."

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் முதலில் கைவைத்தது பிரேக்கில் இல்லை. டயர்களின் காற்றைச் சமமாக்கிவிட்டு ஸ்டியரிங்கைத்தான் பார்த்தார். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங் வீலை இப்படியும் அப்படியும் அசைத்தார். சக்கரம் நகராமல் கை மட்டும் எவ்வளவு தூரம் போய்வருகிறதோ, அதுதான் ஆட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-ஆவது விதி, இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 30 டிகிரியே தாராளம் என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டியரிங் 15 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி ஆட்டம் என்றால் நடுவிலிருந்து இருபுறமும் 15. அதாவது முன்சக்கரங்கள் நம்மைக் கேட்காமலே பக்கத்துக்கு 1 டிகிரி திரும்பிக்கொள்ளலாம். அம்பாசடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த 1 டிகிரி, வண்டியை ஒரே விநாடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும்.

ஆட்டம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. ஸ்டியரிங்கின் பல்சட்டமான ரேக், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை, சக்கரம் திரும்பும் முளையான கிங் பின், சக்கர பேரிங் என்று ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மயிரிழை தேய்ந்து, எல்லாம் சேர்ந்து கைக்கு வருகிறது. எது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். வண்டியை ஜாக்கில் ஏற்றி, கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகு (ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்) சக்கரத்தை இரு கையாலும் பிடித்து அசைக்கிறார்கள். இட வலமாக மட்டும் ஆடினால் டை ராட் முனையைச் சந்தேகிக்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் பேரிங்கா, கிங் பின்னா? இங்கேதான் மெக்கானிக் என்னை உள்ளே உட்காரச் சொல்லி, "பிரேக்க மிதிச்சுப் பிடிங்க" என்றார். பிரேக் பிடித்தால் டிரம்மும் அதன் பின்தட்டும் ஒன்றாக இறுகிவிடும். பேரிங்கின் ஆட்டம் அதோடு மறைந்துபோகும். கிங் பின்னின் ஆட்டம் மறையாது. எங்கள் வண்டியில் மறையவில்லை.

ரேக்கின் ஆட்டத்தை அங்கேயே முடுக்கிச் சரிசெய்துவிடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் நடுப்பற்கள்தான் அதிகம் தேயும். நடுவுக்குத் தகுந்தபடி முடுக்கினால், தேயாத ஓரப்பற்களில் வந்ததும் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும். வைசியாள் வீதி முனையில் முழுதாக ஒடித்துத் திருப்பும்போது அது தெரியவருவது நல்லதல்ல.

அந்த முனையில் திரும்பும்போது இன்னொரு சங்கதியும் நடக்கிறது. உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போவதால், உள்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். ஒரே அச்சைக் கட்டை மாதிரி திருப்பும் மாட்டுவண்டியில் இந்தச் சிக்கல் இல்லை. பிரான்சின் அமெதே பொல்லே 1873-இல் செய்த நீராவி வண்டியில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி முளை வைத்து இதற்கு வழி கண்டார். வண்டியின் பெயர் 'லொபெய்சாந்த்'. கீழ்ப்படிபவள் என்று பொருள்.

இனி பிரேக். மூடிய திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்றவர் பிளேஸ் பாஸ்கல். 1623-இல் கிளெர்மோன் நகரில் பிறந்தவர். மிஷ்லின் டயர் பிறந்ததும் அதே ஊரில்தான். பெடலை மிதித்தால் இடது முன்சக்கரத்துக்கும் வலது முன்சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம் போகிறது. பிறகு ஏன் இழுக்கிறது? பாஸ்கல் உத்தரவாதம் கொடுத்தது அழுத்தத்துக்கு, உராய்வுக்கு அல்ல. வலது சக்கரத்தில் வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்து, டிரம்மில் உரசும் லைனிங் நனைந்திருந்தால், அல்லது கடற்காற்றில் பிஸ்டன் துருவேறி ஒட்டியிருந்தால், அந்தச் சக்கரம் பிடிக்காது. நன்றாகப் பிடிக்கும் இடது சக்கரம் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். முதல் பட்டறையில் தளர்த்தியது அந்த நல்ல சக்கரத்தை.

டிரம் பிரேக்கில் வித்தியாசம் பெரிதாகிவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரம் பிரேக் 1902-இல் பிரெஞ்சுக்காரர் லூயி ரெனோ காட்டிய வழி. சுழலும் டிரம்மே, லைனிங் ஒட்டிய ஷூவை உள்ளே இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். கால்வலி குறையும், ஆனால் உராய்வு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பிடிப்பு அதைவிட அதிகமாகவே குறையும். இருபக்கமும் ஒரே மாதிரி லைனிங் போட வேண்டும் என்று மெக்கானிக்குகள் பிடிவாதம் பிடிப்பது வியாபாரத் தந்திரம் அல்ல.

இந்த இடத்தில்தான் கிங் பின் திரும்ப வருகிறது. பெரும்பாலான பழைய கார்களில் டயர் தரையைத் தொடும் இடம், திரும்பும் முளையின் நேர்க்கோட்டுக்குச் சற்று வெளியே இருக்கும். பிரேக் போட்டால் ஒவ்வொரு சக்கரமும் வெளிப்பக்கம் திரும்பப் பார்க்கும். இருபக்கமும் சமமாக இருந்தால் டை ராட் வழியாக ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். இணைப்புகளில் ஆட்டம் இருந்தால் அடக்க ஆளில்லை. ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் போகும். அதனால் முதலில் ஆட்டத்தை எடுப்பது, பிறகு பிரேக், கடைசியில்தான் அலைன்மென்ட். தேய்ந்த இணைப்பை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது ஆடுகிற மேசையில் தங்கம் நிறுப்பது மாதிரி.

டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் தூசியை ஊதப்போன பையனை மெக்கானிக் அதட்டினார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைப்பதே சரி. 'பிரேக் ஆயில்' என்பதும் பெயரளவில்தான் ஆயில். அது கிளைக்கால் வகைத் திரவம். நம்மூர் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். 1,200 கிலோ வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் கிடைக்கும் வெப்பம், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். இடையில் ஒரு வேடிக்கை: காரோட்டியைக் குறிக்கும் 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சூடாக்குபவர் என்றுதான் பொருள். நீராவிக் காலத்துப் பெயர்.

உதிரி பாகம் கிடைக்குமா என்ற கவலைதான் மிச்சம். உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரெஞ்சு பேஜோ குழுமம் என்று சொன்னால், புதுச்சேரிக்காரர்கள் சிரிக்கிறார்கள். சித்தப்பாவுக்குக் கிங் பின் புஷ்ஷும் வீல் சிலிண்டரும் கிடைத்துவிட்டன. இருபக்கமும் புது லைனிங், புதுத் திரவம். நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் புகுந்த காற்றை எடுத்தாயிற்று.

ஓட்டிப் பார்த்தோம். பிரேக் போட்டால் நேராக நின்றது. ஆனால் கையைத் தளர்த்தினால் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. சித்தப்பாவின் முகம் வாடியது. மெக்கானிக் வண்டியைச் சமதளமான ஒரு காலி மைதானத்துக்கு விடச் சொன்னார். அங்கே ஒதுங்கவில்லை. மழைத்தண்ணீர் வடிய, சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்தித்தான் போடுகிறார்கள். நாம் ஓட்டுவது இடது ஓரச் சரிவில்.