ஓடவும் உரிமை, நிற்கவும் உரிமை

பதின்வயதுப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வர வேண்டுமென்றால் பாராட்டு, கோப்பை, மேடை என்று தேடுகிறோம். உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் வேறு இடத்தைக் காட்டினார். 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, தானே செய்துமுடித்த அனுபவம். பிறர் தரும் ஊக்கம் அதற்கு ஈடாகாது. நெடுந்தூர ஓட்டம், நீச்சல், சைக்கிள் ஆகியவற்றின் பலம் இதுதான். போன மாதம் 2 கிலோமீட்டரில் மூச்சு வாங்கிய பெண் இம்மாதம் 5 கிலோமீட்டர் ஓடினால், அந்த முன்னேற்றத்தை அவளுக்கு யாரும் சான்றளிக்க வேண்டியதில்லை. ஓட வருபவர்களே ஏற்கெனவே முனைப்புள்ள பிள்ளைகள்தானே, பலனை ஓட்டத்தின் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஓட்டம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகெங்கும் பள்ளி செல்லும் 11-17 வயதினரில் 81 சதவீதத்தினர் அதை எட்டவில்லை. அந்த அளவுக்குப் பிள்ளைகளை ஓடவிட, தன்னம்பிக்கை பற்றிய வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெரியவர்களின் அவசரம் புகுந்தால் இதே ஓட்டம் எதிர்ப்பலன் தரும். 2006இல் ஒடிசாவில் நான்கு வயதுச் சிறுவன் புதியா சிங், பூரிக்கும் புவனேஸ்வருக்கும் இடையே 65 கிலோமீட்டர் ஓடவைக்கப்பட்டான். மாநில அரசு தலையிட்டு அவனது நெடுந்தூர ஓட்டத்தைத் தடுக்க வேண்டியதாயிற்று. பதின்வயதிலும் ஆபத்துகள் உண்டு. சென்னை வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டலாம். ஓடுகிற பிள்ளை தடுமாறினாலோ உளறினாலோ அது உயிருக்கே ஆபத்து. உடனே நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரால் உடலை நனைத்துக் குளிர்விக்க வேண்டும். கூடவே 108க்கு அழைக்க வேண்டும். தாகத்துக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால், அதை 'உடல் தேறிவிட்டது' என்று கொள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பைப் பலரும் அறிவதில்லை. கல்வி உரிமைச் சட்டம் (2009) பள்ளிக்கு விளையாட்டு மைதானத்தையும் ஒரு தகுதியாகச் சொல்கிறது. ஆனால் அது 6 முதல் 14 வயதுவரைக்கானது, அதாவது பிள்ளைக்கு மைதானம் மிகத் தேவைப்படும் வயதில் கைவிட்டுவிடுகிறது. பந்தய விண்ணப்பத்தில் 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று 18 வயது நிரம்பாதவர் போடும் கையெழுத்து ஒப்பந்தச் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தாது. பெற்றோர் கையெழுத்தும் ஏற்பாட்டாளரின் அலட்சியத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகிவிடாது. கட்டணம் வாங்கிய பயிற்சி மையத்தின் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம், ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பயிற்சியாளரின் பாலியல் அத்துமீறலை அறிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கீழே பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி ஓராண்டுவரை சிறை உண்டு. பிள்ளையே நேரடியாகக் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம்.

இவ்வளவு எச்சரித்தால் யார் அனுப்புவார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் வலிக்கிறது என்று நிற்கும் பிள்ளையைத் திட்டும் பயிற்சியில் தன்னம்பிக்கை வளராது. தன் உடல் சொல்வதை நம்பக் கூடாது என்பதையே அது கற்றுக்கொடுக்கும். எனவே கட்டணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியது பதக்கக் கணக்கை அல்ல: எத்தனை மணிக்குப் பயிற்சி, முதலுதவி தெரிந்தவர் யார், பாதியில் நிற்க விரும்பும் பிள்ளையை என்ன செய்வீர்கள்?