அச்சத்தை அடக்கிக் காட்டிய நெறியாளர்

பேய்க் கதையென்றதும் அலறலும் கோரவுருவமுமே பலர்க்கு நினைவில் எழும். அச்சச் சுவை அவற்றால் மட்டும் பிறப்பதன்று என்பதைத் தொலைக்காட்சியிலே நிலைநாட்டியவர் ஆங்கில நெறியாளர் லோறன்ஸ் கோடன் கிளாக் ஆவார்.

பி. பி. சி. நிறுவனத்தில் விவரணப் படங்கள் ஆக்கிவந்த இவர், 1971 முதல் 1977 வரை நத்தார்க் காலத்திற்கென ஆண்டுக்கொன்றாக ஏழு பேய்க் கதைகளை நெறிப்படுத்தினார். முதலைந்தும் கேம்பிறிட்ஜ் அறிஞர் எம். ஆர். ஜேம்ஸின் கதைகளைத் தழுவியவை. ஜேம்ஸ் தம் கதைகளை நத்தார்க் காலத்தில் நண்பர்க்கு வாசித்துக் காட்டியவர். ஆதலின் அம்மரபே புதுவடிவிலே தொடர்ந்தது எனலாம்.

விவரணப் படப் பயிற்சியே கிளாக்கின் வலிமை. அக்காலத் தொலைக்காட்சி நாடகங்கள் பல கலையகத்துள்ளே ஆக்கப்பட்டன. இவரோ தேவாலயங்களையும் நோர்போக் கடற்கரையையும் நாடிச் சென்று படச்சுருளிலே பதிவுசெய்தார். 1972 ஆம் ஆண்டுப் படத்தில், ஆளரவமற்ற கரையிலே தொலைவில் தோன்றும் கரிய உருவமொன்றே நெஞ்சை நடுக்குவிக்கின்றது. இடம் மெய்யாதலின், ஆங்குத் தோன்றுவதும் மெய்யோவென மனம் மருளுகின்றது.

1976 இல் இவர் படமாக்கியது, புகையிரதச் சமிக்ஞைக் காவலன் ஒருவனைப் பற்றிச் சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய கதை. டிக்கன்ஸ் 1865 இல் புகையிரத விபத்தொன்றில் உயிர்தப்பியவர். மறுவாண்டிலே இக்கதையை வெளியிட்டார். கேடு வருமென முன்னறிந்தும் அதனைத் தடுக்கும் வழியறியாத தொழிலாளியின் தவிப்பே அப்படத்தின் உயிர்.

பின்னர் பி. பி. சி. யை நீங்கிய கிளாக், 1979 இல் யோக்ஷயர் தொலைக்காட்சிக்காக ஜேம்ஸின் மற்றொரு கதையை நெறிப்படுத்தினார். பேயைக் காட்டுவதினும் பேய்க்கு அஞ்சும் மனிதனைக் காட்டுதலே அரிதென்பதை இவர் படங்கள் உணர்த்துகின்றன.