விண்கலம் ஏறிய யுலிசீஸ்

கிரேக்கப் புராணங்களைக் குழந்தைகளுக்குச் சொல்ல வந்த கார்ட்டூன் தொடர்கள் பல உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய கிரேக்க நாட்டைக் கிட்டத்தட்ட காட்டாமலே கதை சொல்லும் ஒரு தொடர். 1981-ல் பிரான்ஸ் டி.வி.யில் வந்த ‘யுலிசீஸ் 31’. அந்த 31, முப்பத்தோராம் நூற்றாண்டைக் குறிக்கிறது. ஹோமர் எழுதியதாகச் சொல்லப்படும் ‘ஒடிசி’ காவியத்தின் நாயகனைப் பாய்மரக் கப்பலிலிருந்து இறக்கி விண்கலத்தில் ஏற்றிவிட்டார்கள். கேட்டவுடனே, நல்ல கதையைக் கெடுத்துவிட்டார்களே என்றுதான் தோன்றும். கெடுக்கவில்லை. பல இடங்களில் மூலத்துக்கு இதுதான் மற்ற தொடர்களைவிட நெருக்கம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இன்னொரு டீயும் சொல்லிவிடுவோம்.

முதலில் மூலக்கதை. டிராய் நகரப் போர் பத்து வருடம் நடந்தது. அது முடிந்து ஊர் திரும்ப ஒடிசியஸுக்கு இன்னொரு பத்து வருடம் ஆயிற்று. இதாகா என்ற சின்னத் தீவின் அரசன் அவன். யுலிசீஸ் என்பதும் அவனேதான். வழியில் ஒற்றைக்கண் அரக்கன், ஆட்களைப் பன்றியாக்கும் சூனியக்காரி சர்சி, பாட்டாலேயே இழுத்துக் கொல்லும் சைரன்கள், தின்றால் வீட்டு நினைவே போய்விடும் தாமரைத் தீவு. வீட்டிலோ மனைவி பெனெலோப்பி, அவன் புறப்பட்டபோது கைக்குழந்தையாக இருந்த மகன் டெலமாக்கஸ். அவன் இனி வரமாட்டான் என்று முடிவுகட்டி, பெனெலோப்பியைக் கட்டிக்கொள்ளும் ஆசையில் நூறு பேருக்கு மேல் அரண்மனையிலேயே தங்கி, தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 24 பாகம், 12,000 வரிகளுக்கு மேல்.

இதைவிட டி.வி.க்குப் பொருத்தமான கதை கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு தீவும் ஒரு தனிக்கதை. எல்லாத் தீவுகளையும் கட்டி இழுத்துப் போவது வீடு திரும்பும் தவிப்பு ஒன்றுதான். ஒரு வாரம் பார்க்காமல் விட்ட குழந்தைகூட அடுத்த வாரம் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். ழான் ஷலோப்பான், நீனா வோல்மார்க் இருவரும் இதை 26 எபிசோடுகளாக உருவாக்கினார்கள். பிரான்ஸின் டிக் நிறுவனமும் டோக்கியோவின் டி.எம்.எஸ். ஸ்டுடியோவும் சேர்ந்து செய்த தயாரிப்பு. ஜப்பானில் ரோபோ கார்ட்டூன்களுக்குப் பேர்போன இயக்குநர் தடாவோ நாகஹாமா இதில் வேலை செய்தார்; ஆனால் தொடர் ஒளிபரப்பாகும் முன்பே, 1980-ல், இறந்துபோனார். பிரெஞ்சுத் தரப்பில் இயக்கத்தைக் கவனித்தவர் பெர்னார் தெரியேஸ். பாத்திரங்களுக்கு முகம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஷிங்கோ அராக்கி. தாடியும் நீண்ட முடியுமாக அவர் வரைந்த யுலிசீஸின் முகத்தில் எப்போதும் ஒரு களைப்பு இருக்கும். குழந்தைகள் தொடரின் ஹீரோவுக்கு அப்படியொரு முகம் அபூர்வம்.

சரி, விண்வெளி எதற்கு? ஹோமரின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த கிரேக்கனுக்குக் கடல் என்பது தெரியாத இடம். பழகிய கரையைத் தாண்டிவிட்டால் அங்கே எதுவும் இருக்கலாம், அரக்கனும் இருக்கலாம். 1981-ன் குழந்தைக்கு அந்தக் கடல் பள்ளிக்கூட அட்லஸில் நீலமாக அடங்கிவிட்டது. அதில் தெரியாத தீவு என்று ஒன்றும் பாக்கியில்லை. ஹோமரின் கடல் தந்த பயம் அந்தக் குழந்தைக்கு மறுபடி கிடைக்க வேண்டுமானால், கரையே தெரியாத வேறொரு வெளி வேண்டும். அதற்கு நான்கு வருடம் முன்புதான் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து, அந்த வெளி எப்படி இருக்கும் என்று உலகத்துக்கே காட்டியிருந்தது. அதன் சாயல் இந்தத் தொடரில் நிறையவே உண்டு. ஆனாலும் கிரேக்கத்தின் தடம் அழியவில்லை. யுலிசீஸின் விண்கலத்துக்குப் பெயரே ‘ஒடிசி’. கடல் தெய்வம் பொசைடனின் கலங்கள் திரிசூல வடிவில் வந்து துரத்துகின்றன. தீவுகள் கிரகங்களாகிவிட்டன, தெய்வங்கள் மட்டும் தெய்வங்களாகவே இருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான மாற்றத்துக்கு வருகிறேன்: ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ். ஹோமரில் ஒடிசியஸ் பன்னிரண்டு ஆட்களோடு அவனுடைய குகைக்குள் போகிறான். போக வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிற பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று ஆட்கள் கெஞ்சுகிறார்கள். குகைக்காரன் யாரென்று பார்க்க வேண்டும், விருந்தாளிக்கு ஏதாவது பரிசு கொடுப்பானா என்று பார்க்க வேண்டும் என்று இவன் உட்கார்ந்துவிடுகிறான். அரக்கன் வந்து, இருபத்திரண்டு வண்டி பூட்டினாலும் நகராத பாறையால் வாசலை அடைக்கிறான். வேளைக்கு இரண்டு பேராக ஆறு பேரைத் தின்கிறான். ஒடிசியஸ் அவனுக்கு மதுவைக் கொடுத்து, தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லிவைக்கிறான். போதையில் அவன் சாய்ந்ததும், ஆலிவ் கழியின் முனையை நெருப்பில் காய்ச்சிக் கண்ணில் பாய்ச்சுகிறார்கள். அலறல் கேட்டு ஓடிவந்த மற்ற அரக்கர்கள் வெளியே நின்று, உன்னைத் தாக்கியது யார் என்று கேட்க, இவன் ‘யாருமில்லை’ என்கிறான். சரியென்று அவர்களும் போய்விடுகிறார்கள். காலையில் கடாக்களின் வயிற்றடியில் தொங்கிக்கொண்டே வெளியேறுகிறார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் ஒடிசியஸ் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான். கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. கத்திக் கேலி செய்கிறான். குருட்டு அரக்கன் குரல் வந்த திசையில் மலைமுகட்டைப் பெயர்த்து வீச, எழும்பிய அலை கப்பலை மறுபடி கரைப்பக்கமே தள்ளுகிறது. வாயை மூடுங்கள் என்று ஆட்கள் அவனைத் தடுத்துப் பார்க்கிறார்கள். கேட்காமல், உன் கண்ணைப் பறித்தவன் இதாகாவைச் சேர்ந்த லயர்ட்டீஸின் மகன் ஒடிசியஸ் என்று ஊர், அப்பன் பெயர் எல்லாம் சேர்த்துக் கூவுகிறான். பாலிஃபீமஸின் தந்தை பொசைடன். சாபம் கொடுக்கப் பெயர் வேண்டும். அந்தப் பெயரை இவனே கொடுத்துவிட்டான். பத்து வருட அலைச்சலில் பெரும்பகுதி அந்த ஒரு கூச்சலில் தொடங்குகிறது.

தொடர் இதை மாற்றிவிட்டது. டிராய் என்ற விண்தளத்திலிருந்து யுலிசீஸ் பூமிக்குக் கிளம்புகிறான். கூடவே மகன் டெலமாக்கஸ். பொசைடனை வழிபடும் ஒரு கூட்டம் டெலமாக்கஸையும் வேறு சில குழந்தைகளையும் பிடித்துப்போய் சைக்ளோப்ஸுக்கு, அதாவது ஒற்றைக்கண் ராட்சதனுக்கு, பலி கொடுக்கப் பார்க்கிறது. யுலிசீஸ் அந்த ராட்சதனை அழித்துக் குழந்தைகளை மீட்கிறான். அதற்குத்தான் தண்டனை. கலத்தின் கணினியிலிருந்து பூமிக்கான வழி அழிக்கப்படுகிறது. கூட வந்தவர்கள் உறைந்துபோகிறார்கள். ஹேடீஸின் ராஜ்யத்தை, அதாவது இறந்தவர்களின் உலகை, அவன் தேடிக் கண்டுபிடிக்கும்வரை விமோசனம் இல்லை.

ஆக, ஹோமரில் தன் வாயால் கெட்டவன், இங்கே நல்லது செய்ததற்காகத் தண்டிக்கப்படுகிறான். இது ஒரு பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். அந்தக் கூச்சல்தான் ஒடிசியஸை மனிதனாக்குகிறது. அத்தனை புத்திசாலிக்கும் தன் பெயரை மறைத்துவைக்க முடியவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட அது சட்டென்று புரியும். ஆனால் தொடர் வேறொரு கிரேக்க உண்மையைப் பிடித்துக்கொண்டது. கிரேக்க தெய்வங்கள் நல்லவனுக்கு நல்லது செய்வதற்காக உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியவனைத் தொட்டால் கோபம் வரும், தொட்டதற்கு என்ன காரணம் என்று பார்க்கமாட்டார்கள். குழந்தைகள் நிகழ்ச்சியில் இதை மழுப்பாமல் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது மாற்றம், மகன் கலத்தில் இருப்பது. ஹோமரில் அப்பனும் மகனும் சந்திக்கவே இருபது வருடம் ஆகிறது. முதல் நான்கு பாகங்கள் முழுக்க, அப்பாவைப் பற்றிச் சேதி தேடி அலையும் மகனின் கதை. தொடரில் மகன் பக்கத்திலேயே இருக்கிறான். டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கலத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவனோடு யூமி என்ற நீலநிறச் சிறுமி, பிறர் மனதைப் படிக்கும் சக்தி உள்ளவள், அப்புறம் ஆணியைத் தின்னும் குட்டி ரோபோ நோனோ. நோனோ சிரிக்கவைக்க வந்தவன். யூமி அப்படியல்ல. காப்பாற்றப்பட்ட குழந்தைகளில் அவளும் ஒருத்தி; அவளுடைய அண்ணன் நூமினார் உறைந்தவர்களோடு கிடக்கிறான். தங்களைக் காப்பாற்றப் போய்த்தான் யுலிசீஸுக்கு இந்தக் கதி என்பது அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும்.

உறைந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோமரில் ஒடிசியஸின் ஆட்கள் ஒருவர் விடாமல் சாகிறார்கள். கடைசியாக மிஞ்சியவர்களும் சூரிய தெய்வத்தின் மாடுகளை அடித்துத் தின்று அழிகிறார்கள். அவன் தனியாகத்தான் வீடு சேருகிறான். குழந்தைகள் தொடரில் அத்தனை பேரைக் கொல்ல முடியாது. அதற்காக அவர்களை வெறுமனே கதையிலிருந்து நீக்கிவிடவும் இல்லை. கலத்தின் ஒரு கூடத்தில் அந்தரத்தில் மிதந்தபடி கிடக்கிறார்கள்: கண் மூடி, கை கால் அசையாமல், வரிசையாக. யுலிசீஸ் அவர்களைப் பார்க்கும் காட்சியில், தன் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டியவனின் பாரம் தெரிகிறது. ஹோமரின் காவியம் தொடங்குவதே அந்தப் பாரத்தைச் சொல்லித்தான்.

இங்கே டிஸ்னியின் ‘ஹெர்குலிஸ்’ தொடரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1997-ல் படம், 1998-ல் 65 எபிசோடுகள் கொண்ட டி.வி. தொடர். மூலத்தில் ஹெர்குலிஸ், தெய்வங்களின் அரசன் ஸ்யூஸுக்கும் அல்க்மீனி என்ற மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன். அந்த ஆத்திரத்தில் ஸ்யூஸின் மனைவி ஹீரா அவனுக்குப் பைத்தியம் பிடிக்கவைக்கிறாள். அவன் தன் பிள்ளைகளையே கொன்றுவிடுகிறான். பன்னிரண்டு சாகசங்கள் அந்தப் பாவத்துக்கான பிராயச்சித்தம் என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். டிஸ்னி, ஹீராவை அன்பான தாயாக்கிவிட்டது. கொலையைக் காட்ட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் பாவத்தை எடுத்ததும் சாகசத்துக்கு அர்த்தம் போய்விட்டது, பலசாலியின் வித்தைகளாகச் சுருங்கிவிட்டன. கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட, பழி ஹேடீஸ் தலையில் விழுந்தது. கிரேக்கர்களுக்கு ஹேடீஸ் அஞ்சத்தக்கவன், கறாரானவன். ஆனால் தீயவன் அல்ல. மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டதில் ஸ்யூஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், இவனுக்கு இறந்தவர்கள் என்று விழுந்தது, அவ்வளவுதான். ‘யுலிசீஸ் 31’-ல் ஹேடீஸ் வில்லன் இல்லை. அவன் ராஜ்யம் போய்ச் சேர வேண்டிய இடம். மூலக் காவியத்திலும் ஒடிசியஸ் இறந்தவர்களின் உலகத்துக்குப் போய்த்தான் வழி கேட்கிறான்.

அதே 1998-ல் கனடாவின் நெல்வானா ஸ்டுடியோ, லாரா ஜெரிங்கரின் புத்தகங்களை வைத்து ‘மிதிக் வாரியர்ஸ்’ என்ற தொடரைச் செய்தது. அமெரிக்காவில் சி.பி.எஸ். அதை ஒளிபரப்பியது. டி.வி. நிலையங்கள் வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது குழந்தைகளுக்குக் கல்வி சார்ந்த நிகழ்ச்சி தர வேண்டும் என்று அங்கே 1996-ல் விதி வந்திருந்தது. உடையும் ஊரும் கிரேக்கமாகவே இருந்த நேர்மையான தொடர். பாடம் நடத்தும் தொனிதான் எனக்கு ஒட்டவில்லை.

‘யுலிசீஸ் 31’ ஒடிசியோடு நிற்கவில்லை. ஈடிபஸ் கதையின் ஸ்பிங்ஸ் விடுகதை போடுகிறது, தீசியஸின் புதிர்க்கோட்டை வருகிறது, சிசிஃபஸ் வருகிறான். ஓர் எபிசோடில் விண்வெளி யுலிசீஸ் காலத்தில் பின்னோக்கிப் போய் இதாகாவில் இறங்கி, ஹோமரின் ஒடிசியஸையே சந்திக்கிறான். எடுத்தவர்கள் மூலத்துக்குக் கும்பிடு போட்ட இடம் அது.

எனக்குள்ள பெரிய வருத்தம் பெனெலோப்பி. மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடித்ததும் மணந்துகொள்கிறேன் என்று சொல்லி, பகலில் நெய்ததை ராத்திரியில் பிரித்து, மூன்று வருடம் அத்தனை பேரையும் ஏமாற்றியவள். புத்தியில் புருஷனுக்குச் சமம். தொடரில் அவள் பூமியில் காத்திருக்கிறாள் என்பதோடு சரி.

வீட்டில் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக்காட்டுவதானால் முதல் எபிசோடிலிருந்தே தொடங்குங்கள். இடையில் பிடித்தால் உறைந்தவர்கள் யாரென்று புரியாது. முடிந்ததும், குழந்தைகளைக் காப்பாற்றியவரை எதற்குத் தண்டித்தார்கள் என்ற கேள்வி வரும். அப்போது குகையில் நடந்ததை, அந்தக் கடைசிக் கூச்சல் வரைக்கும், ஹோமர் சொன்னபடி நீங்களே சொல்லுங்கள். இரண்டில் எந்த யுலிசீஸை அவர்களுக்குப் பிடிக்கிறது என்றும் கேட்டுப்பாருங்கள்.